லொறி வீட்டுப் படிகள்

லொறி வாங்கியதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அன்றும் கேட்கவில்லை. கதிரையை விட்டு எழும்ப இரண்டு கையையும் ஊன்றவேண்டியிருக்கிற இந்த வயதிலும் கேட்கமாட்டேன். நான் செய்த பிழை வேறு. அந்த லொறிக்குள் ஏறுவதற்கான படியைத் தெரிவு செய்ததில் அது இருக்கிறது. லொறி வாங்கியதையும் அந்தப் பிழையையும் எங்கள் ஊர் ஒன்றாக்கிவிட்டது. ஆக்லாந்தில் எங்கள் ஊர் என்பது கோயில் மண்டபமும் பத்துப் பன்னிரண்டு வரவேற்பறைகளும்தான். அங்கெல்லாம் "லொறி வாங்கப்போய் வந்த வினை" என்று பேசினார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவும், நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லவும் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் பிளாக்ஹவுஸ் பேயில் இருந்தோம். பிறந்த நாட்டில் நான் அரசாங்கப் பொறியியலாளனாக இருந்தவன். பாடசாலைகள், ஆஸ்பத்திரிகள், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகக் கட்டடங்கள் என்று வரைந்திருக்கிறேன். இங்கே என் சான்றிதழ்களை மரியாதையாகப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே உறைக்குள் திருப்பி வைத்துத் தந்தார்கள். அதன் பிறகு யன்னல் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அலுமினியத்தை அளந்து வெட்டுகிற வேலை. ஒன்பது வருடம் செய்தேன். என் மனைவி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தாள். மகன் கல்யாணம் முடித்து ரானுயியில் தனியாக இருந்தான். நான் வேலையை விட்ட அடுத்த மாதமே லொறியை வாங்கினேன்.

சின்ன யப்பான் லொறி. அதன் முதுகில் ஒரு பெட்டி வீடு. சாரதி இருக்கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் படுக்கை, ஒரு பக்கம் இரண்டு அடுப்புள்ள எரிவாயுக் குக்கர், கை கழுவும் தொட்டி, மடிக்கிற மேசை. கிளென் ஈடனில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விற்றார்கள். கதவு பின்பக்கம், என் இடுப்புக்கு மேலே இருந்தது. அவர்கள் பழைய பால் போத்தல் கூடையைக் கவிழ்த்து வைத்து அதில் கால் வைத்து ஏறினார்கள். முழங்காலில் நோவும் உடம்பில் சீனி வருத்தமும் உள்ள என் மனைவி அப்படி ஏறமுடியாது. ஆகவே படி வேண்டும்.

படி வாங்குமுன்னரே கோயில் மண்டபத்துக்குச் செய்தி போய்விட்டது. என்னோடு ஒன்றாகப் படித்த ஒருவர் அங்கே சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே இருந்தார். வடையைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"என்ன ஐசே, லொறியில படுக்கப் போறீராம்?"

"ஓம்."

"அங்க சண்டைக்குப் பயந்து எங்கட சனம் உழவு மெசின் பெட்டியில சட்டி பானையோட படுத்துக்கொண்டு போகுது. நீர் இஞ்ச காசு குடுத்துப் போறீர். அகதிப் பழக்கம் விடேல்லையோ?"

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அங்க துரத்தினவன் காட்டின திசைக்குப் போனனாங்கள்," என்றேன். "இது நான் திருப்பிற ஸ்டீரிங்."

இன்றும் அந்தப் பதிலை நான் மாற்றமாட்டேன். மூன்று தடவை வீட்டை விட்டு ஓடியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோதான் நேரம் குறித்தார்கள். ஒரு தடவையாவது நானாகப் பூட்டைப் பூட்டி, நானாகப் புறப்பட்டு, நான் நினைத்த நேரத்தில் திரும்பி வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதில் என்ன வெட்கம்?

மகனுக்கும் பிடிக்கவில்லை. "அப்பா, வெள்ளைக்காரர் செய்தா அது ஹொலிடே. நாங்கள் செய்தா வீடில்லாதவை எண்டு எங்கட ஆக்கள் கதைப்பினம்," என்றான்.

"அதுவும் வீடுதான்," என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் செய்த பிடிவாதம்தான் பிறகு என் மனைவியின் காலில் போய் முடிந்தது.

ஹெண்டர்சன் பக்கம் முகாம் சாமான்கள் விற்கிற ஒரு கடைக்குப் படி பார்க்கப் போனோம். கடைக்காரர் பெரிய உடம்புக்காரர். குளிர்காலத்திலும் அரைக்காற்சட்டைதான். இரண்டு வகையான படியைக் காட்டினார். ஒன்று, மரத்தால் செய்த பெட்டிப் படி. அகலமான மூன்று தட்டு, மேலே சாம்பல் நிறக் கம்பளம், ஒரு பக்கம் கைபிடிக் கம்பி. மற்றது, கதவின் அடியிலிருந்து கத்தரிக்கோல்போல விரிந்து இறங்குகிற அலுமினியப் படி. நான்கு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் துளை போட்டு, துளையின் ஓரத்தை மேலே மடித்துப் பல்லுப் பல்லாக விட்டிருந்தார்கள். சேறு துளையால் கீழே விழும், மழையில் சப்பாத்து வழுக்காது என்றார்.

என் மனைவி மரப் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். "இது வீட்டுப் படி மாதிரி இருக்கு. கைபிடியும் இருக்கு. இதை எடுப்பமே?"

"இது பாரம். வைக்கவும் இடமில்லை. இந்த ஊர் மழைக்குக் கம்பளம் ஒரு வருசத்தில உக்கிப்போம்," என்றேன்.

சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் நான் அலுமினியப் படியை எடுத்ததற்கு அவை காரணமல்ல. ஒரு படியின் உயரத்தை இரட்டித்து அதன் அகலத்தோடு கூட்டினால் மனிதர் எடுத்து வைக்கிற ஒரு எட்டின் நீளம் வரவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். வாழ்நாள் முழுக்க நான் வரைந்த படிகளெல்லாம் அந்தக் கணக்கில்தான். சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்து அலுமினியப் படியை அளந்தேன். கணக்குச் சரியாக வந்தது. ஒன்பது வருடமாக மற்றவன் எழுதித் தந்த நீளத்துக்கு வெட்டியவன், அன்றுதான் ஒரு படியைப் பற்றித் தீர்ப்புச் சொன்னேன். கடைக்காரர் தலையை ஆட்டி, "உங்களுக்கு விசயம் தெரிந்திருக்கிறது" என்றார். அந்தச் சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

"மேடமும் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்," என்றும் அவர் சொன்னார். அவள் ஏறிப் பார்த்தாள். நானும் ஏறிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இருவருடைய காலிலும் சப்பாத்து இருந்தது.

எந்த வெள்ளைக்காரனும் இந்தப் பிழையைச் செய்யமாட்டான். கடையில் எப்படி ஏறினானோ வீட்டிலும் அப்படித்தான் ஏறுவான். எங்களுக்கு அப்படியில்லை. சப்பாத்தோடு ஏறிப் பார்த்து வாங்கினோம், வெறுங்காலோடு ஏறத் தொடங்கினோம்.

நான்தான் தொடங்கி வைத்தேன். லொறிக்குப் பால் காய்ச்சினோம். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். வீட்டு முற்றத்தில் நிறுத்தி, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, உள்ளே குக்கரில் பால் பொங்கவிட்டு, கை கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த சின்ன அலுமாரியில் சாமிப் படம் வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு கப் பால் கொடுத்தோம். மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். மகன் சப்பாத்தோடு படியில் கால் வைத்தபோது, நான் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன்: "இது வீடு. சாமி இருக்கிற இடம். செருப்பு, சப்பாத்தெல்லாம் கீழ கழட்டிப்போட்டு ஏறவேணும்."

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கழற்றினான். எனக்கு வென்றதுபோல இருந்தது.

அந்தச் சட்டத்தை அன்றிலிருந்து ஒழுங்காகக் கடைப்பிடித்தவள் என் மனைவி மட்டும்தான். மேற்குக் கரைக்குப் போனோம். வடக்கே போனோம், கொரமண்டல் பக்கம் போனோம். எங்கே நிறுத்தினாலும் படியின் அடியில் அவளுடைய செருப்புச் சோடி இருக்கும். அவள் வெறுங்காலோடு ஏறுவாள், இறங்குவாள். தேநீர் வைக்க, உடுப்புக் காயப்போட, கழிப்பறைக்குப் போய்வர என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை. நான் கயிறு கட்டும் சப்பாத்துப் போடுகிறவன். குனிந்து கழற்றுவது கஷ்டம் என்பதால் சப்பாத்தோடே நாலு படியும் ஏறி, வாசலில் இருந்து அவிழ்த்து, மேல்படியில் வைத்துவிட்டு உள்ளே போவேன். சட்டம் போட்டவன் சட்டத்துக்கு வெளியே நின்றான். அது எனக்குத் தோன்றவேயில்லை. அவளும் சொல்லிக்காட்டவில்லை.

ஒரே ஒரு தடவை சொன்னாள். மூன்றாவது பயணமாக இருக்கவேண்டும். கீரைக் கட்டோடு ஏறி வந்து, படுக்கை ஓரத்தில் இருந்து உள்ளங்காலைத் தடவினாள்.

"இஞ்சாருங்கோ, உந்தப் படி குத்துது."

"குத்தினாத்தான் வழுக்காது," என்றேன். பிறகு உராய்வு என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. பழகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இனி வருவது மகனுக்கும் தெரியாதது.

ஒரு தடவை பீஹா கடற்கரையிலிருந்து திரும்புவதற்கு முன் படியைத் துணியால் துடைத்து மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தட்டின் பற்களில் மண்ணிறமாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்தேன். நினைத்த அதே கணத்தில், அலுமினியம் துருப்பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் அதை வெட்டியவன் நான். உள்ளே அவள் பாத்திரம் அடுக்குகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொல்லியிருக்கலாம். காட்டியிருந்தால் படி பிழை என்று ஆகும். படி பிழை என்றால் கடையில் நான் சொன்ன தீர்ப்புப் பிழை. மண்டபத்தில் சிரித்தவர்களுக்கு இன்னொரு கதை கிடைக்கும். சேறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லி, துணியை நனைத்து அழுத்தித் துடைத்தேன். துணியை வாளிக்குள் போட்டேன். படியை மடித்தேன்.

மூன்று வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தியர் காலுறையைக் கழற்றச் சொன்னார். வலது காலின் சுண்டு விரலுக்குக் கீழே, அவள் ஒட்டியிருந்த பிளாஸ்டருக்கு அடியில் புண். விரல் கறுத்துப்போயிருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. சீனி வருத்தம் உள்ள காலில் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையும், முதலில் குத்தியது பிறகு குத்தாமல் போகும், புண் அங்கேதான் இருக்கும் என்று விளக்கினார்கள். விரலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மகன் கேட்டான்: "அப்பா, இது எப்ப இருந்து? நீங்கள் ஒண்டும் காணேல்லையா?"

"இல்லை," என்றேன்.

அவள் வீட்டுக்கு வந்தபோது, இனி வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று தாதி சொல்லி அனுப்பியிருந்தார். அகலமான, தையல் உள்ளே தெரியாத ஒரு சோடி விசேட சப்பாத்தும் தந்தார்கள். பார்க்க வந்தவர்கள் லொறியைப் பார்த்துவிட்டுத்தான் அவளைப் பார்த்தார்கள். மகன் நேராகவே சொன்னான்: "வில்லுங்கோ அப்பா. போதும்." முதல் முறையாக நான் அவனை எதிர்க்கவில்லை. ஒரு மட்டையில் "விற்பனைக்கு" என்று ஆங்கிலத்தில் எழுதி லொறியின் முன் கண்ணாடிக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் காலை கராஜுக்குள் போனேன். கழற்றி வைத்திருந்த அலுமினியப் படியை ஒரு மேசையில் கொளுவி விரித்தேன். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். வெறுங்காலோடு ஏறினேன், இறங்கினேன். நாலாவது தடவை உள்ளங்கால் எரியத் தொடங்கியது. பத்தாவது தடவை கால் வைக்குமுன் உடம்பு தானாகவே பின்வாங்கியது. எனக்கு உணர்ச்சியுள்ள கால். நான் நிறுத்தவில்லை.

கதவடியில் அவள் நின்றாள். ஊன்றுகோலோடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள்.

"என்ன விசர் வேலை இது?"

நான் படியில் நின்றபடியே சொன்னேன். "அண்டைக்குப் பீஹாவில நான் ரத்தத்தைக் கண்டனான். துரு எண்டு துடைச்சுப்போட்டன். துரு இல்லை எண்டு எனக்குத் தெரியும்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள். "துணி வாளிக்குள்ள கிடந்தது. நான்தானே தோய்ச்சனான்."

"பிறகேன் என்னோட ஒண்டும் சொல்லேல்லை? பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறீர்."

"சொன்னா லொறியை வித்துப்போடுவியள். இப்ப வித்துப்போட்டியள்தானே, மட்டை வைச்சிருக்கிறியள்." கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "நான் வேலை செய்யிற இடத்தில எல்லாரும் விடிஞ்சா பொழுதுபட்டா ஒரே யன்னலைப் பாத்துக்கொண்டு இருக்கினம். அதே மரம், அதே வேலி. எனக்கு யன்னல் ஓடவேணும். அதை ஆரைக் கேட்டு விக்கப் போறியள்?"

நான் குனிந்து படியின் பற்களைப் பார்த்தேன்.

"லொறி என்ன செய்தது? படி பிழை. நீங்கள் நூறு தரம் ஏறினாலும் என்ர விரல் முளைக்காது. இறங்கிச் சப்பாத்தைப் போடுங்கோ. கடைக்குப் போகவேணும்."

அவளும் மறைத்தாள் என்பது என் பங்கைக் குறைக்காது. அவள் மறைத்தது, ஒருமுறை சொல்லிப் பார்த்ததற்கு உராய்வுப் பாடம் கேட்டவள் என்பதால். இதை நான் எனக்குச் சாதகமாக எப்போதும் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்த நினைத்ததுண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். என்னைப் பார்த்துத்தான் பேசத் தொடங்கினார். "அவவைக் கேளுங்கள்," என்றேன். அவள் மரப் பெட்டிப் படியின் கைபிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். விசேட சப்பாத்தோடு ஏறி, இறங்கி, மேல்தட்டில் ஒரு நிமிடம் இருந்தும் பார்த்தாள். ஊன்றுகோலைத் தட்டின் நாலு மூலையிலும் குத்தினாள். பிறகு, மூன்று தட்டு எனக்கு உயரம், இதே மாதிரி நாலு தட்டாகச் செய்து தரமுடியுமா, கைபிடி இரண்டு பக்கமும் வேண்டும் என்று, சமையலறையில் பழகிய ஆங்கிலத்தில் கேட்டாள். நாடா என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அவள் கேட்ட அளவுகள் என் கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு தட்டும் மிகத் தாழ்வு, மிக அகலம். என் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

படி வந்த ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் என்னைக் கேலி செய்த அதே நண்பர் மனைவியோடு சுகம் விசாரிக்க வந்தார். லொறியை விற்றாயிற்று என்று நினைத்து வந்திருக்கவேண்டும். முற்றத்தில் அது நின்றது. பின்னால் புதுப் படி. கண்ணாடிக்குள் மட்டை இல்லை.

"இன்னும் விடேல்லையோ ஐசே?"

"விடமாட்டம்," என்றேன். "வர்ற கிழமை வடக்க போறம்."

"அந்தக் காலோடயோ?"

"அந்தக் காலோடதான்," என்று என் மனைவி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். "வாங்கோ அண்ணை, உள்ள வந்து பாருங்கோ. தேத்தண்ணியும் அங்கயே குடிப்பம்."

நண்பர் பழக்கத்தில் படியடியில் சப்பாத்தைக் கழற்றினார். அவருடைய மனைவியும் செருப்பைக் கழற்றினார். என் மனைவி கழற்றவில்லை. இரண்டு கைபிடியையும் பிடித்து, முதல் தட்டில் சப்பாத்துக் காலை வைத்தாள். பிறந்ததிலிருந்து சாமி இருக்கிற எந்த அறைக்குள்ளும் அவள் அப்படிப் போனதில்லை. அந்த வாரம் முழுக்க அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

"தங்கச்சி, உள்ள சாமிப் படம் எல்லோ இருக்கு," என்றார் நண்பர், மெதுவாக.

அவள் திரும்பினாள். "இருக்கு அண்ணை. சாமி ஆஸ்பத்திரியில என்னோட இருந்தவர், அவருக்கு என்ர காலைத் தெரியும். நீங்கள் கழட்டிப்போட்டு வாங்கோ."

நண்பரின் மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நண்பர் கழற்றிய சப்பாத்தைச் சோடியாக நேராக்கி வைத்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எதிர்த்துப் பேசுவதற்கு எனக்கு எப்போதும் சொல் கிடைக்கும். ஆனால் அன்றைக்கு அது அவளுடைய எதிர்ப்பு. என்னுடையதைவிடச் சுத்தமானது. அதில் யாரையும் வெல்கிற ஆசை இருக்கவில்லை.

இரண்டாவது தட்டில் அவள் சற்று ஆடினாள். நான் பின்னால் போய், முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்தேன். அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கையை எடுங்கோ," என்றாள். "நான் ஏறுவன்."

எடுத்தேன்.